கொக்கி

ஆரல்வாய்மொழியில் ஆனிமாதக் காற்றுக்கு
ஆளைத் தெரியாது.
முருங்கையைத் தெரியாது, ஓட்டுக்கூரையைத் தெரியாது,
ஸ்கூட்டரில் போகிற தோவாளைக்காரரின் கூடையில்
பிச்சிப்பூ இருக்கிறதென்றும் தெரியாது.
கணவாயில் நுழைகிறது, வருகிறது, அவ்வளவுதான்.

அறுபத்தைந்து மீட்டர்.
பதினோரு வருஷமாக ஏறுகிறேன்.
கியர் பெட்டிக்கு எண்ணெய்,
காற்றாலையின் முகத்தைக் காற்றுக்கு நேரே திருப்புகிற
மோட்டாரின் பல்லுக்குக் கிரீஸ்,
இவ்வளவு உயரம் ஏறிவந்து வயரைக் கடித்த எலி
எதை நினைத்து ஏறியிருக்கும் என்று
ஒருநாள் முழுக்க யோசனை.

போன ஆடியில்
மேல்மூடியைத் திறந்து தலையை நீட்டினேன்.
ஒரு பக்கம் பொய்கை அணை, தண்ணீர் கொஞ்சம்.
ஒரு பக்கம் தாடகை மலை, எப்போதும்போல் மல்லாந்து.
எண்ணியவரை நாற்பத்து மூன்று காற்றாலைகள்
எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன.
அப்போது வந்தது.

விழுந்துவிடுவேன் என்கிற பயமில்லை.
அது சோற்றுப்பொதி மாதிரி, தினமும் கூடவே ஏறிவரும்.
இது வேறு.
இப்போது நான் குதிக்கலாம்.
யாரும் தள்ளவில்லை. யாரும் பிடிக்கவுமில்லை.
ஒரு சின்ன அசைவு,
அது முழுக்க என்னுடையது.

இறங்கி மூன்று நாள் லீவு சொன்னேன்.
சுபிதா என்னைச் சாமிதோப்புக்குக் கூட்டிப்போய்
முத்திரிக் கிணற்றுத் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள்.
சுயம்பு, "பித்தம்லே, இஞ்சி குடி" என்றான்.
குடித்தேன். இஞ்சி நன்றாகத்தான் இருந்தது.

வெட்டூர்ணிமடத்தில் ஒரு மாடி அறை.
டாக்டர் ஷெர்லின் கிருபா
மருந்துச் சீட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்:
"அந்த நேரத்தில என்ன செஞ்சீங்க?"
ஒண்ணும் செய்யல்ல.
"ஒண்ணுமே?"
கொக்கி மாட்டியிருந்துது. அதனால நின்னேன்.
"கொக்கிய மாட்டினது யாரு?"

மின்விசிறி சுற்றியது.
கீழே ஒரு கண்டக்டர் தக்கலை, தக்கலை என்று கூவினார்.
கை, தானா, என்று தொடங்கி நிறுத்தினேன்.
தானாக இல்லை.
மூடியைத் திறக்கும் முன்பு
பதினோரு வருஷமும், ஒவ்வொரு தடவையும்,
நான்தான்.

ஆறு வியாழக்கிழமை போனேன்.
ஒருநாள் பெரிதாகச் சொன்னேன்:
காத்த மாத்த முடியாது டாக்டர், முகத்தத் திருப்பலாம்.
அவர் குறித்துக்கொண்டார்.
எனக்கு வெட்கமாக இருந்தது.
அந்த மோட்டார்தான் அடிக்கடி பழுதாவது.

இன்னொரு நாள் நேராகவே கேட்டேன், எல்லாம் எதுக்கு என்று.
"எனக்கும் தெரியாது.
சாயங்காலம் வண்டிய எடுக்கும்போது
நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டுப் போறேன்."
அன்றைக்கும் முந்நூறு ரூபாய் வாங்கினார்.
அன்றைக்குத்தான் அவரை நம்பினேன்.

சில நாள் காற்று கொட்டும்போது போன் வரும்:
கரண்ட் போதும், நிறுத்து.
இறக்கைகளைத் திருப்பிவைத்தால்
நடுவே காற்று வீணாக ஓடும்.
என் முப்பத்தொன்பதாவது வயது முழுக்க அப்படித்தான் ஓடியது.
மற்ற நாள் கம்பியில் ஏறுகிற கரண்ட்
ஆசாரிப்பள்ளத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறதோ,
எவர் வீட்டிலோ சீரியலுக்குப் போகிறதோ.
கலந்த பிறகு
இது என் யூனிட் என்று பிரித்துக் காட்ட முடியாது.
முன்பு இது உறுத்தியது.
இப்போதும் கொஞ்சம் உறுத்துகிறது.

நேற்று மறுபடி ஏறினேன்.
மூடியைத் திறந்ததும் அது அங்கேயே இருந்தது,
போகவேயில்லை: குதிக்கலாம்.
அதன் தோளை இடித்துக்கொண்டு இன்னொன்று நின்றது:
குதிக்காமலும் இருக்கலாம்.
அதையும் யாரும் எனக்குச் செய்து தரப்போவதில்லை.

கொக்கி விழுகிற சத்தம்
அந்தக் காற்றில் காதுக்கு எட்டாது.
விரல்தான் சொல்லும்.
சொன்னது.

வாக்கிடாக்கி கரகரத்தது. கீழிருந்து சுயம்பு:
"லேய், பதினேழு ஸ்பேனர்
எனக்க பையிலயா ஒனக்க பையிலயா?"

தடவிப் பார்த்தேன்.
எனக்க பையிலதான் இருந்தது.